மரக்கால்களில் எஃகுப் பாதை
ரோலர் கோஸ்டரின் கதை – 21

மர ரோலர் கோஸ்டரின் ஓடுபாதை ஒற்றை உத்திரத்தால் ஆனதல்ல. பலகைமேல் பலகையாக ஏழெட்டு அடுக்கு வைத்து, வளைவுக்குத் தக்கபடி ஒவ்வொன்றையும் வளைத்து, ஆணியும் போல்ட்டும் அடித்து இறுக்கிய அடுக்குப் பாதை அது. மேல் அடுக்குகள் மற்றவற்றைவிட அகலமானவை. உள்பக்கமாகச் சற்றே நீட்டிக்கொண்டிருக்கும். ஜான் மில்லர் 1919இல் காப்புரிமை பெற்ற அடிச்சக்கரம் இந்த விளிம்புக்குக் கீழேதான் ஓடுகிறது. பாதையின் மேல்முகத்தில், சக்கரம் படும் இடம் முழுக்கப் பட்டை இரும்பு பதித்திருப்பார்கள். அதாவது, மர ரோலர் கோஸ்டர் என்று பெயர் பெற்ற எதிலும் சக்கரம் நேராக மரத்தின்மேல் ஓடுவதில்லை. இரும்பு தொடக்கத்திலிருந்தே அங்கே இருந்தது. மெல்லிய பட்டையாக இருந்தது, அவ்வளவுதான். அந்தப் பட்டைக்குக் கீழே உள்ள பலகைகளையும் எடுத்துவிட்டு, அங்கே முழு எஃகையே வைத்தால் என்ன என்ற கேள்விக்கு விடை வர 21ஆம் நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது.

பலகைப் பாதை எங்கே தேயும் என்பது பராமரிப்பாளர்களுக்குப் பழகிப்போன விஷயம். செங்குத்தான இறக்கம் முடிந்து ரயில் மறுபடி மேலேறத் தொடங்கும் பள்ளத்தில்தான் சுமை அதிகம். பயணிகளோடு சேர்ந்த பெட்டிகளின் எடை அந்த இடத்தில் சில மடங்காகிப் பாதையை அழுத்துகிறது. அடுக்குகள் மயிரிழை அளவு நெகிழ்ந்து பழைய நிலைக்குத் திரும்புகின்றன. இப்படி ஒரு நாளைக்குப் பல நூறு தடவை. கொஞ்ச நாளில் ஆணியின் பிடி தளர்கிறது, இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே உள்ள இடைவெளி விரிகிறது. விரிந்த பாதையில் ரயில் நேராக ஓடாமல் இடமும் வலமும் மோதியபடி செல்லும். அந்த மோதல் பாதையை இன்னும் விரிக்கும். பயணிக்கு இது முதுகுத்தண்டில் விழும் அடியாகவும் பல் கிட்டிக்கும் உதறலாகவும் தெரியவரும்.

இதற்கான பழைய மருந்து மனித உழைப்பு. பூங்கா திறக்கும் முன் தச்சர் ஒருவர் பாதையோரமாகவே நடந்து, ஏற்றத்தில் ஏறி, இறக்கத்தில் இறங்கிச் சுற்று முழுவதையும் பார்த்து வருவார். கையில் சுத்தியலும் ஸ்பேனரும். தளர்ந்த போல்ட்டை முறுக்குவார், எழும்பிய ஆணியை அடித்து இறக்குவார், தாழ்ந்த இடத்தில் சக்கை வைத்து மட்டமாக்குவார். குளிர்காலத்தில் பூங்கா மூடியிருக்கும்போது சில நூறு அடி நீளத்துக்குப் பலகைகளைப் பிரித்துப் புதிதாகப் போடுவார்கள். சிறிய, மிதமான உயரமுள்ள கோஸ்டர்களுக்கு இந்த ஏற்பாடு பல பத்தாண்டுகளாகப் போதுமானதாகவே இருந்தது.

போதாமல் போனது, உயரத்துக்கான போட்டி தொடங்கிய பிறகு. கிங்ஸ் ஐலண்ட் பூங்காவில் 1972இல் ஜான் ஆலன் அமைத்த ரேசர், மறைந்துகொண்டிருந்த மரக் கோஸ்டருக்கு மறுவாழ்வு கொடுத்ததை முன்பே பார்த்தோம். அதன்பின் ஒவ்வொரு பூங்காவும் அடுத்ததைவிட உயரமாகக் கட்ட முனைந்தது. 1980களின் இறுதியில் இந்த ஆர்வத்துக்கு உருவம் தந்தவர்கள் இருவர்: கட்டுமான நிறுவனம் நடத்திய சார்ல்ஸ் டின், வடிவமைப்பாளர் கர்ட்டிஸ் சம்மர்ஸ். டெக்சாஸின் ஆர்லிங்டன் நகரில் உள்ள சிக்ஸ் ஃபிளாக்ஸ் ஓவர் டெக்சாஸ் பூங்காவுக்காக இவர்கள் அமைத்த டெக்சாஸ் ஜயன்ட் 1990 மார்ச்சில் திறந்தது. உயரம் 143 அடி, பாதை நீளம் 4,920 அடி. அடுத்த ஆண்டு ஒஹாயோவின் சீடர் பாயின்ட்டில் அவர்களுடைய மீன் ஸ்ட்ரீக் எழுந்தது: 161 அடி உயரம், 5,427 அடி நீளம். அதற்குப் பிடித்த பதப்படுத்திய பைன் மரத்தை நம் மரக்கடைக் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 1.4 லட்சம் கன அடி. 1992இல் சான் அன்டோனியோவின் ஃபியஸ்டா டெக்சாஸில், பழைய சுண்ணாம்புக்கல் குவாரியின் செங்குத்துச் சுவரைத் தாண்டி ஏறி இறங்கும் ராட்லர் வந்தது. அதன் முதல் இறக்கமே 166 அடி.

உயரம் இரட்டித்தால் இறக்கத்தின் அடியில் சேரும் ஆற்றலும் இரட்டிக்கும். மரத்தின் பலமோ ஆணியின் பிடியோ அப்படி இரட்டிப்பதில்லை. பாதை போடும் முறை 1920களில் இருந்ததுதான். அதன்மேல் ஓடிய ரயில் மட்டும் 1990களுக்குரியது. விளைவு விரைவில் தெரிந்தது. ராட்லர் திறந்து இரண்டே ஆண்டில் அதன் முதல் இறக்கத்தை 124 அடியாகக் குறைத்தார்கள். மீன் ஸ்ட்ரீக்கின் முதல் இறக்கத்திலேயே வேகத்தைக் கட்டுப்படுத்த பிரேக் வைத்தார்கள். இறங்குவதற்கென்றே கட்டிய இடத்தில் இறங்கவிடாமல் பிடிப்பது! இதே இருவர் பென்சில்வேனியாவின் டோர்னி பூங்காவில் 1989இல் அமைத்த ஹெர்குலிஸ் 2003இல் இடிபட்டது. இவற்றையெல்லாம் மிஞ்ச நினைத்து 2000இல் கிங்ஸ் ஐலண்டில் வேறு நிறுவனம் எழுப்பிய 218 அடி உயர சன் ஆஃப் பீஸ்ட்டில், 2006இல் ஒரு மரத்தாங்கல் முறிந்து பாதை தாழ்ந்தது. 27 பேர் காயமடைந்தனர். அது 2009இல் நின்றது, 2012இல் தரைமட்டமானது.

டெக்சாஸ் ஜயன்ட்டின் கதைதான் இதில் விசித்திரமானது. அமெரிக்கப் பொழுதுபோக்குத் துறையின் கோல்டன் டிக்கெட் விருதுகளில் 1998, 1999 இரண்டு ஆண்டுகளும் சிறந்த மரக் கோஸ்டர் என்ற முதலிடம் அதற்கே. பத்தாண்டு கழித்து அதில் ஏறி இறங்கியவர்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். கட்டமைப்பு விழவில்லை, சாயவில்லை. கால்கள் உறுதியாகத்தான் நின்றன. கெட்டது அவற்றின் தலைமேல் இருந்த சில அங்குலக் கனமுள்ள பாதை மட்டுமே. இந்த வேறுபாட்டைப் பிரித்துப் பார்க்க முடிந்ததுதான் பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் அடிப்படை.

பிரித்துப் பார்த்தது ராக்கி மவுன்டன் கன்ஸ்ட்ரக்‌ஷன் என்ற நிறுவனம். ஃபிரெட் கிரப் 2001இல் ஐடஹோ மாநிலத்தின் ஹேடன் என்ற சிற்றூரில் தொடங்கியது. ஆரம்பத்தில் அது மற்றவர்கள் வடிவமைத்த கோஸ்டர்களைக் கட்டித்தரும் ஒப்பந்த நிறுவனம்தான். மரப்பாதையைப் பிரித்து மாட்டும் வேலையின் அலுப்பை நேரில் கண்டவர்கள் அங்கே இருந்தார்கள். அவர்களோடு சேர்ந்தவர் பொறியாளர் ஆலன் ஷில்கி. ஆரோ டைனமிக்ஸில் வேலை செய்த காலத்தில், இருக்கையே தனியாகச் சுழலும் எக்ஸ் என்ற சவாரியை வடிவமைத்தவர். எஃகிலேயே ஊறிய மூளை மரக்கட்டைமேல் வந்து உட்கார்ந்தது எனலாம்.

இவர்கள் உருவாக்கிய பாதைக்கு அயர்ன் ஹார்ஸ் அல்லது ஐ-பாக்ஸ் என்று பெயர். டிஸ்னிலாண்டின் மேட்டர்ஹார்ன் 1959இல் தொடங்கிவைத்த எஃகுக் கோஸ்டர் மரபில் தண்டவாளம் என்பது உருண்டைக் குழாய். குழாயை முப்பரிமாணத்தில் வளைக்கக் கனரக இயந்திரம் தேவை. ஐ-பாக்ஸில் குழாயே கிடையாது. துண்டை வெட்டிக் குறுக்கே பார்த்தால் ஆங்கில எழுத்து ‘ஐ’ தெரியும்: மேலே ஒரு தட்டை, கீழே ஒரு தட்டை, நடுவில் இரண்டையும் தாங்கும் செங்குத்துத் தகடுகள். தட்டை எஃகுத் தகட்டிலிருந்து ஒவ்வொரு துண்டையும் கணினி சொல்லும் வளைவிலேயே வெட்டி எடுத்து, ஒன்றோடொன்று பொருத்தி வெல்டிங் செய்கிறார்கள். தையற்காரர் துணியை வளைப்பதில்லை. வளைவாக வெட்டித் தைத்தால் சட்டை தானே தோளில் படிந்துவிடும். ஏறக்குறைய அதே உத்தி. மேல்தட்டின் முகத்தில் ஓடுசக்கரம், பக்கத்தில் வழிச்சக்கரம், விளிம்புக்கு அடியில் மில்லரின் சக்கரம். அமைப்பு பழைய பலகை அடுக்கின் நகல்தான். அதனாலேயே அடுக்கை எடுத்த இடத்தில், அதே குறுக்குச் சட்டங்களின்மேல் அது போய் உட்கார முடிந்தது.

2009 ஜூனில் சிக்ஸ் ஃபிளாக்ஸ் நிறுவனம் திவால் பாதுகாப்பு கோரி நீதிமன்றம் சென்றது. அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று டெக்சாஸ் ஜயன்ட் கடைசியாக மரப்பாதையில் ஓடியது. கடன்காரர்கள் வாசலில் நிற்கும்போது புதிதாக ஒரு பெருங்கோஸ்டர் கட்டப் பணம் கிடைக்காது. இருப்பதை இடிப்பதற்கும் செலவுண்டு. ஒரு கோடி டாலரில், நிற்கும் கட்டமைப்பை வைத்துக்கொண்டே புதுச் சவாரி தருகிறோம் என்ற யோசனை எடுபட்டதற்கு இந்தச் சூழ்நிலையும் காரணமாக இருந்திருக்க வேண்டும்.

ஒன்றரை ஆண்டு வேலை. பலகை அடுக்குகளை முழுவதும் கழற்றினார்கள். பாதை பழைய வழியிலேயே போகாத இடங்களில் மரக்கால்களை வெட்டினார்கள், சில இடங்களில் உயர்த்தினார்கள். எஃகுப் பாதை துண்டு துண்டாக ஐடஹோவிலிருந்து வந்து கிரேனில் ஏறியது. 2011 ஏப்ரல் 22 அன்று நியூ டெக்சாஸ் ஜயன்ட் திறந்தபோது உயரம் 143லிருந்து 153 அடியாகியிருந்தது. நீளம் 4,200 அடியாகக் குறைந்திருந்தது. ஆனால் இந்த எண்களைவிட முக்கியமானது சரிவு. பழைய முதல் இறக்கத்தின் சாய்வு 53 பாகை; புதியது 79 பாகை. இது பள்ளத்தில் சறுக்குவதற்கும் கிணற்றில் குதிப்பதற்கும் உள்ள வேறுபாடு. மரப்பாதையில் வளைவுகளை ஓரளவுக்குமேல் சாய்க்க முடியாது. இங்கே ரயில் பக்கவாட்டில் படுத்து, அதையும் தாண்டி, ஓரிடத்தில் 115 பாகைவரை சாய்ந்து திரும்பியது. மணிக்கு 105 கிலோமீட்டர் வேகத்தில் உதறல் இல்லை.

சத்தமும் போய்விட்டது. மரக் கோஸ்டரில் இரும்புச் சக்கரம் இரும்புப் பட்டைமேல் உருளும். கீழே பலகைகள் அதிரும். அரை மைல் தொலைவுக்குக் கேட்கும் அந்தக் கடகடப்பும் சவாரியின் பாதி. புதிய ரயில்களில் பாலியூரிதேன் உறையிட்ட சக்கரங்கள். ஜெர்மனியின் கெர்ஸ்ட்லவர் நிறுவனம் அந்தப் பெட்டிகளை 1961ஆம் ஆண்டு காடிலாக் கார் மாதிரி வடித்துக்கொடுத்தது. பழைய ரசிகர்கள் சிலருக்கு இந்த மௌனம் ஒரு குறையாகவே பட்டது. அவர்கள் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை.

2013 ஜூலையில் இதே சவாரியிலிருந்து பெண் பயணி ஒருவர் கீழே விழுந்து உயிரிழந்தார். சவாரி உடனே மூடப்பட்டது. செப்டம்பரில் மீண்டும் திறந்தபோது மடிமீது இறங்கும் தடுப்புத் தண்டின் மெத்தை மாற்றியமைக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு இருக்கைக்கும் கூடுதலாகப் பெல்ட் சேர்ந்திருந்தது. பழைய இறக்கத்துக்குப் போதுமான பிடி, இருக்கையைவிட்டு உடலைத் தூக்கி எறியும் புதிய மேடுகளுக்கு வேறு கணக்கில் தேவைப்படுகிறது. பாதையை மாற்றுகிறவர் பெட்டியையும் இருக்கையையும் சேர்த்தே மாற்றி யோசித்தாக வேண்டும்.

அதே 2013இன் மே மாதம் ராட்லர், அயர்ன் ராட்லராகத் திரும்பியிருந்தது. இரண்டு ஆண்டு ஆயுள் மட்டுமே வாய்த்த உயர இறக்கம் இப்போது 171 அடியாக, 81 பாகைச் சாய்வில் மீண்டது. ஐந்தாயிரம் அடியைத் தாண்டியிருந்த பழைய பாதை 3,266 அடியானது. சுருள் சுருளாகச் சுற்றி நேரம் கடத்திய பகுதியை அடியோடு வெட்டிவிட்டார்கள். அதன் இடத்தில் ஒரு தலைகீழ்ச் சுழற்சி. எஃகுப் பாதைக்கு மாறிய மரக் கோஸ்டர் ஒன்று பயணியைத் தலைகீழாக்கியது இதுவே முதல் தடவை. குவாரிச் சுவரிலிருந்து குதித்துச் சுரங்கத்துக்குள் நுழையும் முடிவு மட்டும் பழைய கோஸ்டர் நின்ற இடத்தின் கொடை. வேறெங்கும் அதை நகலெடுக்க முடியாது.

கலிஃபோர்னியாவின் மேஜிக் மவுன்டனில் 1978 முதல் ஓடிய கொலோசஸ் வேறு வகைச் சிக்கல். இரட்டைப் பாதை, இரண்டு ரயில்கள் பக்கம் பக்கமாகப் பந்தயம் ஓடும். 2014 ஆகஸ்ட்டில் அதை மூடிப் பிரிக்கத் தொடங்கினார்கள். செப்டம்பரில் ஏற்றத்தின் உச்சியில் தீப்பிடித்தது. முப்பத்தாறு ஆண்டு வெயிலில் காய்ந்த மரம் சும்மா இருக்குமா? உச்சிப்பகுதி எரிந்து சரிந்தது. வேலை நிற்கவில்லை. 2015இல் திறந்த ட்விஸ்டட் கொலோசஸில் இரண்டு பாதைகளையும் முடிச்சுப்போட்டு ஒன்றாக்கியிருந்தார்கள். ஒரே ரயில் ஒரு பாதியை ஓடி முடித்து இரண்டாவது ஏற்றத்தில் ஏறி மறுபாதியையும் ஓடும். அடுத்த ரயிலைச் சரியான நொடியில் அனுப்பினால் இரண்டும் பந்தயம் ஓடும். ஓரிடத்தில் இருபக்கப் பயணிகளும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து, கை நீட்டினால் தொட்டுவிடலாம் என்ற பிரமை எழும். அனுப்புகிறவர் தாமதித்தால் பந்தயம் கிடையாது. ஆகவே அந்தச் சவாரியின் தரம் பாதி பொறியாளரிடமும் பாதி நிலையத்துப் பணியாளரிடமும் இருக்கிறது.

இந்த வரிசையில் மிகப் பெரிய மாற்றம் மீன் ஸ்ட்ரீக்குக்கு நேர்ந்தது. 2016 செப்டம்பரில் அது கடைசியாக ஓடியது. அதன்பின் நடப்பதைப் பூங்கா வெளிப்படையாகச் சொல்லவில்லை. எஃகுத் தண்டவாளம் கண்ணெதிரே ஏறிக்கொண்டிருந்தபோதும் 2017 ஆகஸ்ட்வரை அறிவிப்பு இல்லை. ஊரறிந்த ரகசியம். 2018 மே மாதம் ஸ்டீல் வெஞ்சன்ஸ் என்ற பெயரில் அது திறந்தது. 161 அடிக் கட்டமைப்பின் தலைமேல் இன்னும் 44 அடி சேர்த்து 205 அடி. முதல் இறக்கம் 200 அடி, சரியாக 90 பாகை. வேகம் மணிக்கு 119 கிலோமீட்டர், பாதை 5,740 அடி, தலைகீழாவது நான்கு முறை. உடல் இருக்கையைவிட்டு எழும் நேரங்களைக் கூட்டினால் 27.2 நொடி என்று பூங்கா கணக்குச் சொன்னது. பிரேக்கில் நசுங்கிக் கிடந்த அதே மேடுகளின் சட்டகத்துக்குள்தான் இவ்வளவும். திறந்த நாளன்றே நிலையத்துக்குத் திரும்பிய ரயில் நின்றிருந்த ரயில்மேல் லேசாக இடித்தது. பெரிய காயம் யாருக்கும் இல்லை. ஆனாலும் கொஞ்ச காலம் ஒரே ரயிலை ஓட்டினார்கள். வரிசை மணிக்கணக்கில் நீண்டது.

மற்றவை வேகமாகத் தொடர்ந்தன. மெக்சிகோவில் மெடுசா 2014இலும், மாசசூசெட்ஸில் சைக்ளோன் 2015இலும், வர்ஜீனியாவில் ஹர்லர் 2018இலும் மாறின. அட்லாண்டிக்கைத் தாண்டி நெதர்லாந்தின் வாலிபி ஹாலந்தில் ராபின் ஹூட் 2019இல் அன்டேம்டு ஆனது. அதே ஆண்டு ஜப்பானின் நாகாஷிமா ஸ்பா லாண்டில், 1994இல் வெண்மரச் சட்டகமாக எழுந்த ஒயிட் சைக்ளோன், வெள்ளைத் திமிங்கிலம் என்று பொருள்படும் ஹகுகேய் என்ற பெயரில் மறுபிறவி எடுத்தது. ஃபுளோரிடாவின் டாம்பாவில் 1999இல் கட்டிய க்வாசி 2015இலேயே நின்றுவிட்டிருந்தது. ஆண்டுக்கணக்கில் ஓட்டமின்றி நின்ற அந்த மரச் சட்டகம் 2022இல் 206 அடி உயர அயர்ன் க்வாசியானது. அதன் முதல் இறக்கம் 91 பாகை; செங்குத்தையும் மீறி உள்வாங்கிய சரிவு.

இப்படி மாற்றிய ஒன்றில் பழைய மரம் எவ்வளவு மிஞ்சும்? இடத்துக்கு இடம் மாறும். உயரம் கூடும் இடத்திலும் பாதை திசைமாறும் இடத்திலும் புது மரமும் எஃகுத் தாங்கலும் வந்துவிடும். பழைய பாதை விலகிப்போன இடங்களில் மரக்கால்கள் எதையும் தாங்காமல் போகும், பிரித்துவிடுவார்கள். எஃகுப் பாதை விறைப்பானது. தாங்கல்களுக்கு இடையே நெகிழாமல் சுமையைப் பகிர்கிறது. எனவே கீழே உள்ள மரத்துக்கு அடி குறைகிறது. பூங்காவுக்கு ஆதாயம் இரண்டு. தினசரித் தச்சு வேலையும் குளிர்காலப் பலகை மாற்றமும் பெரும்பாலும் ஒழிகின்றன. அதோடு, விளம்பரப் பலகையில் புதுச் சவாரி என்று எழுதிக்கொள்ளலாம்.

எழுதிக்கொண்ட பெயர் எந்த வகையைச் சேர்ந்தது என்பதில்தான் ரசிகர்களுக்குள் ஓயாத சண்டை. நீண்டகால வழக்கு, பாதை எதனாலானதோ அதுவே வகையைத் தீர்மானிக்கும் என்பது. கோனி ஐலண்டில் 1927 முதல் ஓடும் சைக்ளோனின் சட்டகம் எஃகு, பாதை மரம். அதை எல்லோரும் மரக் கோஸ்டர் என்றே சொல்கிறார்கள். சீடர் பாயின்ட்டில் 1978இல் ஆரோ நிறுவனம் அமைத்த ஜெமினியின் சட்டகம் மரம், பாதை எஃகுக் குழாய். அது எஃகுக் கோஸ்டர் என்றே பதிவாகியிருக்கிறது. இந்த விதிப்படி ஸ்டீல் வெஞ்சன்ஸும் எஃகுதான். ஆனாலும் பேச்சுவழக்கில் ‘ஹைபிரிட்’ என்ற மூன்றாம் பெயர் நிலைத்துவிட்டது. மரச்சட்டகமும் எஃகுப்பாதையும் சேர்வது ஜெமினி காலத்திலேயே இருந்த சங்கதி. மரப்பாதையாகப் பிறந்தது எஃகுப்பாதையாக மாறியதுதான் 2011இன் புதுமை.

எல்லாப் பழைய கோஸ்டருக்கும் இந்த வைத்தியம் பொருந்தாது. சைக்ளோன் 1988 முதல் நியூயார்க் நகரின் பாதுகாக்கப்பட்ட சின்னம். பென்சில்வேனியாவில் 1902இல் கட்டிய லீப்-த-டிப்ஸுக்கு அடிச்சக்கரமே கிடையாது; அதன் மதிப்பே அந்தப் பழமைதான். மாற்றமும் வேண்டாம், உதறலும் வேண்டாம் என்பவர்களுக்காக நடுவழி ஒன்றும் வந்திருக்கிறது. கிரேட் கோஸ்டர்ஸ் இன்டர்நேஷனல் நிறுவனத்தின் டைட்டன் டிராக், பழைய பாதையின் வடிவத்தை அப்படியே பின்பற்றும் எஃகுப் பாதை. மிகவும் அடிவாங்கும் பள்ளங்களில் மட்டும் அதைப் பொருத்திவிட்டு, மீதி இடங்களில் பலகையை விட்டுவைக்கலாம். அங்கெல்லாம் காலையில் சுத்தியலோடு பாதையோரம் நடக்க ஆள் இன்னமும் வேண்டியிருக்கிறது.